போதும்பொண்ணுவின் கதவு

என் மனைவியின் வயிற்றுக்குள் ஒரு கதவு இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து அனுப்பினார்கள். இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, ஒரு வாழைக்காய் அளவுக்குச் சுருக்கித் தைத்து, அதன் வாயில் ஒரு வளையத்தை மாட்டியிருக்கிறார்கள். வளையம் திறந்தால் சோறு இறங்கும். மூடிக்கொண்டால் நெஞ்சோடு நின்றுவிடும். அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அதன் பெயர் கதவு.

நான் ஐந்தாவது வரை படித்தவன். லாரி ஓட்டிப் பிழைத்தவன். ஆளில்லாத லாரிகள் பைபாஸில் ஓட ஆரம்பித்த வருஷம், ரெஸ்ட் எடுங்க மூக்கையா என்று சிரித்துக்கொண்டே முதலாளி சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தானாக ஓடுகிற எதையும் நான் நம்புவதில்லை. தானாகத் திறந்து மூடுகிற கதவை மட்டும் எப்படி நம்புவேன்? இப்போது இடுப்பு முறிந்து கட்டிலில் கிடக்கிறேன். அந்தக் கதவு என்னென்ன செய்தது என்பதை என் கையாலேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வது தப்பு. சாய்ந்திருக்கிறேன்.

அவள் பெயர் போதும்பொண்ணு. அவளுக்கு மேலே நாலு பேர் பெண்கள். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறக்கவும், சாமி காதில் விழட்டும் என்று அவள் அப்பா இந்தப் பெயரை வைத்தார். எங்கள் தேனிப் பக்கத்தில் இந்தப் பெயரில் ஊருக்கு ஒருத்தியாவது இருப்பாள். யாரும் அர்த்தம் பார்த்துக் கூப்பிடுவதில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் போதும் என்றுதான் கூப்பிடுகிறேன். ஏ போதும், தண்ணி. ஏ போதும், சட்டை எங்கே. கூப்பிட்டால் வந்துவிடுவாள். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது.

நாற்பது வயதுக்கு மேல் உடம்பு போட ஆரம்பித்தது. பிறகு சுகர் வந்தது. முழங்கால் மடங்கவில்லை. மல்லாந்து படுத்தால் மூச்சு நின்று நின்று வந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் செல்வமீனாதான் இந்த ஆபரேஷனைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். நான் வேண்டாம் என்றேன். வயிறு பெரிதாக இருந்தால் சோற்றைக் குறைக்க வேண்டியதுதானே, வயிற்றை எதற்குக் குறைப்பது என்று கேட்டேன். அம்மா குறைத்துத்தான் சாப்பிடுகிறாள் அப்பா, ஆனாலும் உடம்பு ஏறுகிறது என்றாள் மகள். அதையும் நான் நம்பவில்லை.

கதவை வைத்த எஞ்சினியரம்மா பெயர் ரெஜினா. நாகர்கோவில்காரி. காலையில் குளித்துக் கோயிலுக்குப் போகிற டீச்சர் மாதிரி பொறுமையான முகம். அது எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். வயிறு நிறைந்ததும் உடம்புக்குள் ஒரு சங்கதி ஓடும். கதவு அதைக் கவனித்து மூடும். ஆனால் ஆளுக்கு ஆள் அந்தச் சங்கதி மாறும். அதனால் முதல் சில மாதம் கதவு சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். இந்த மனுஷி எப்போது கையை நிறுத்துகிறாள், அதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பார்த்துப் பழகும். வெளிச் சத்தத்தையும் கேட்கும்.

"சத்தம் எதுக்கு?" என்றேன்.

"நம்ம ஊர்ல பொம்பளைங்க வயிறு நிறைஞ்சு எந்திரிக்கறது கம்மி ஐயா," என்றாள் ரெஜினா. "பால் பொங்குது, பிள்ளை அழுவுது, கரண்ட் போகுதுன்னு பாதியில எந்திரிப்பாங்க. வயிறு நிறைஞ்சு எந்திரிச்சது எது, பாதியில எந்திரிச்சது எதுன்னு பிரிச்சுப் பாக்கணும்லா. அதுக்குத்தான்."

சரி, அவர்கள் பாடு என்று விட்டுவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்து வந்த முதல் மாதம் வீடு ஒரு மாதிரியாக இருந்தது. அவளுக்குத் தண்ணீர் ஆகாரம் மட்டும். கஞ்சித் தெளிவு, பருப்புத் தண்ணீர், டப்பாவில் வரும் சத்துமாவு. ஒரு டம்ளரைக் குடித்து முடிக்க அரை மணி நேரம் ஆகும். மடக்கென்று குடித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும், இனிப்பு கொஞ்சம் கூடினால் வேர்த்துக் கொட்டிப் படபடவென்று வரும். அதனால் எந்த நேரம் பார்த்தாலும் கையில் டம்ளரோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் எப்போது சாப்பிடுகிறாள் என்று நான் பார்த்ததே கிடையாது. நான் சாப்பிட்டு வண்டி ஏறிவிடுவேன். இப்போது நாள் முழுக்க நானும் வீட்டில், அவளும் டம்ளரும் வீட்டில்.

உடம்பு இறங்கியது. அதை மறைக்கக் கூடாது. முழங்கால் மடங்கியது, சுகர் மாத்திரை நின்றது, ராத்திரி மூச்சு சீராக வந்தது. ஜாக்கெட்டை எல்லாம் பிடித்துத் தைத்தாள். பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் மட்டும், என்ன மதினி இப்படி வத்திப் போயிட்டீங்க, பெரிய வியாதியா என்று துக்க வீட்டுக்கு வந்தவள் மாதிரி கேட்டுவிட்டுப் போனாள். நாங்கள் சிரித்தோம்.

நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்கவில்லை. டாக்டர் சொன்ன எடையைத் தாண்டி இறங்கிக்கொண்டே போனது. குழைந்த சோறு கொடுக்கலாம் என்றார்கள். இரண்டு வாய் இறங்கும், மூன்றாவது வாய் நின்றுவிடும். எழுந்து போய்த் துப்பிவிட்டு வருவாள். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து சாக்கடைக் குழியை அடைத்தது. கையில் தோல் தொங்கியது. ஒரு நாள் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பிடித்துத் தூக்கினேன். தூக்குவதற்கு ஒன்றும் இல்லை.

மதுரைக்குக் கொண்டு போனோம். பெண்கள் வார்டில் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள், என்னை உள்ளே விடவில்லை. அங்கே இட்லி இறங்கியது. முட்டை இறங்கியது. கதவில் கோளாறு இல்லை என்று எழுதி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அன்றே மறுபடி அடைத்துக்கொண்டது. திரும்பப் போனோம். திரும்ப இறங்கியது. அந்தத் தடவை செல்வமீனா என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்தி, அம்மாவை வீட்டில் ஏதாவது சொல்கிறீர்களா, சாப்பிடவிடுகிறீர்களா என்று கேட்டாள். பெற்ற மகள். நான் அடிக்கிறவனா, குடிக்கிறவனா? அவளோடு அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை.

டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார். ரத்தம் ரொம்பக் குறைந்துவிட்டது, இந்த உடம்பில் இன்னொரு ஆபரேஷன் செய்து கதவை வெளியே எடுக்க முடியாது. சாப்பிட்டுத் தேறினால்தான் எடுக்க முடியும். சாப்பிட முடியாமல்தானே எடுக்க வேண்டும் என்கிறோம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்புறம் ரெஜினா எங்கள் வீட்டுக்கே வந்தாள். சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்து, ஒரு பலகை மாதிரி கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்தாள். போதும்பொண்ணு தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பருப்பு பிசைந்த சோறு. கதவு திறந்திருக்கிறது என்று பலகையில் பச்சை வெளிச்சம். ஒரு வாய், இரண்டு வாய். நான் முன் அறையில் இருந்தேன். வந்தவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லையே என்று எனக்குத் தோன்றியது.

"ஏ போதும், மேடத்துக்கு மோர் கொடு," என்றேன்.

பலகை சிவப்பானது. ரெஜினா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?"

சொன்னேன். பெயரே அதுதான் என்றேன். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அம்மா அம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். காகிதத்தில் இருந்த பெயரை யாரும் வாயால் சொல்லிப் பார்க்கவில்லை. ரெஜினா தலையில் கையை வைத்துக்கொண்டாள். பந்தியில் இலையை மறித்துப் போதும் என்றால் மூட வேண்டும் என்று கதவுக்கு முதலிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். நான் சாப்பிட வா போதும் என்று கூப்பிட்டால்கூட அது மூடிக்கொள்ளும்.

போதும்பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த எலும்பு உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "எங்கப்பா சாமிக்குக் கேக்கணும்னு வச்சாரு. மிஷினுக்குத்தான் கேட்டிருக்கு," என்றாள்.

அந்த வார்த்தையை ரெஜினா எடுத்துவிட்டாள். இருந்தாலும் கொஞ்ச நாளைக்கு வேறு பெயரில் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். சரியாகிவிட்டது. இட்லி இறங்கியது, ஆப்பம் இறங்கியது. ஒரு நாள் மீன்கூட இறங்கியது. ஊரெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். படித்தவர்கள் வேலை என்றேன்.

எனக்குத்தான் கஷ்டம். அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது? மீனாம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தால் யாரோ மாதிரி இருந்தது. வாய் கூசியது. அதனால் கூப்பிடாமலே இருந்தேன். வேண்டியதை எடுத்துக்கொண்டேன், கிடைக்காததை விட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் நாக்கு பழகிவிட்டது. மீனாம்மா, துண்டு எங்கே. மீனாம்மா, மாத்திரை எடு.

கதவு மறுபடி மூடிக்கொண்டது.

நான் தனியாக மதுரைக்குப் பஸ் ஏறினேன். ரெஜினாவின் அறைக்குள் நின்று, பேரை மாத்தியாச்சே, இப்போது யார்மேல் பழி போடப் போகிறீர்கள் என்று கத்தினேன். அவள் கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னாள். பலகையில் எதையெதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் கவனித்தேன். செக்போஸ்ட்டில் காகிதம் பார்க்கிறவன் முகம் மாறினால் எனக்குத் தெரியும்.

"வார்த்தை இல்ல ஐயா," என்றாள். "நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். அது பழகுன நாளுல உள்ள பதிவெல்லாம் பாத்தேன். அம்மா டம்ளரோட உக்காந்திருப்பாங்க. உங்க குரல் கேக்கும். உடனே டம்ளரை வச்சிருவாங்க. ஒரு தடவை இல்ல. ஒவ்வொரு தடவையும். உங்க குரல் வந்தா இந்த உடம்புக்குச் சாப்பாடு முடிஞ்சிச்சுன்னு அது கண்டுபிடிச்சிருக்கு."

"நான் ஒரு நாளும் அவளைச் சாப்பிடாதேன்னு சொன்னதில்ல."

"நீங்க சொல்லல ஐயா. கூப்பிட்டீங்க."

எனக்கு ஆத்திரம் வந்தது. புருஷன் பெண்டாட்டியைக் கூப்பிட மாட்டானா? உலகத்தில் எவன் கூப்பிடவில்லை? கூப்பிட்டால் வருவது தப்பா? மிஷின் ஏதோ உளறுகிறது, அதை வைத்துக்கொண்டு என்னை எடை போடுகிறாயா என்றேன். மிஷினைக் குறை சொல்ல முடியவில்லை ஐயா, அது பார்த்ததைத்தான் படித்திருக்கிறது என்றாள் ரெஜினா. அந்தப் படிப்பை இங்கிருந்து அழிக்க முடியாதா என்றேன். வார்த்தையைத்தான் எடுக்க முடியும், பழக்கத்தை எடுக்க முடியாது என்றாள். பழகிய வழியிலேயே மறக்க வேண்டும். அவள் சாப்பிடும்போது நான் கூப்பிட வேண்டும். அவள் எழுந்திருக்கக் கூடாது. திரும்பத் திரும்ப அப்படி நடந்தால், இந்தக் குரலுக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று கதவு மெல்ல விட்டுவிடும்.

"ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க," என்றாள். "அது விட்டுக்கிட்டு வர்றப்ப நடுவுல ஒரு தடவை பதறி எந்திரிச்சிட்டாங்கன்னா எல்லாம் பழைய இடத்துக்கே போயிரும். இன்னொரு தடவை முதல்ல இருந்து ஆரம்பிக்க அம்மா உடம்புல தெம்பு கிடையாது."

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். மூடி மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தட்டப்பயறு உரித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா இது?" என்றேன்.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"கதவு வைக்கறதுக்கு முன்னாடியே தெரியும்." அவள் பயற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க வீட்ல இருந்தா சோறு தொண்டையிலதான் நிக்கும். எப்பக் கூப்புடுவீகளோன்னு காது அங்கயே கிடக்கும். லாரி கிளம்புற சத்தம் கேட்டப்புறம்தான் தட்டைப் போட்டு உக்காருவேன். மறுபடி எப்ப உக்காரப் போறோம்னு அள்ளி அள்ளித் திம்பேன். உடம்பு எப்படிப் போட்டுச்சுன்னு நெனச்சீக?"

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

மறுநாளே ஆரம்பித்தோம். அவள் தட்டோடு உட்காருவாள். நான் முன் அறையிலிருந்து கூப்பிடுவேன். பழைய பெயரிலேயே கூப்பிடச் சொல்லிவிட்டாள். மீனாம்மா என்றால் அவளுக்கும் யாரோ மாதிரி இருக்கிறதாம். ஏ போதும் என்பேன். அவள் எழுந்துவிடுவாள். உட்காருடி என்பேன். உட்காருவாள். சோறு அதற்குள் நின்றிருக்கும்.

"கால் தானா எந்திரிக்குது. நான் என்ன செய்ய?" என்பாள்.

சம்மணம் போட்ட காலின்மேல் குழம்புச் சட்டியை வைத்துப் பார்த்தோம். சட்டி உருண்டது, குழம்பு கொட்டியது, அவள் எழுந்து என் முன்னால் நின்றாள். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தால் ஆகுமா என்று பார்த்தோம். முதுகுக்கும் காது இருந்தது. டாக்டர் மூக்கில் குழாய் போடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். செல்வமீனா லீவு போட்டு வந்தாள். தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, எந்திரிக்காதம்மா, வரேன்னு வாயால மட்டும் சொல்லு என்றாள். போதும்பொண்ணுவுக்கு அந்த வார்த்தையும் ஆகவில்லை. வரேன் என்று சொன்னால் வந்துதான் ஆக வேண்டும் என்று கால் நினைத்துக்கொண்டது.

ஒரு நாள் நான் கூப்பிட்டேன். உள்ளேயிருந்து, "சாப்பிடுறேன்," என்று சத்தம் வந்தது.

வரேன் இல்லை. சாப்பிடுறேன்.

எனக்குச் சுரீர் என்று வந்தது. இவ்வளவு பாடுபட்டு அதற்குத்தான் கூப்பிட்டேன். ஆனாலும் வந்தது. கையில் பிடித்திருந்த விசிறி நின்றுவிட்டது. ரெஜினா கொடுத்தனுப்பிய பலகையை வைத்துக்கொண்டிருந்த மகள் பச்சை, பச்சை என்றாள்.

அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. ஆனாலும் ஒரு நாள் பச்சை, இரண்டு நாள் சிவப்பு என்று இழுத்துக்கொண்டு போனது. நான் இருபது தடவை சும்மா கூப்பிடுவேன், அவள் இருபது தடவை சாப்பிடுறேன் என்பாள். பஞ்சவர்ணம் வந்து பார்த்துவிட்டு, கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று தெருவில் சொன்னாள். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தண்ணீர்ப் பானையை நானே சாய்த்துக் குடித்தேன். ஒரு நாள் உண்மையாகவே மூக்குக்கண்ணாடி காணவில்லை என்று கூப்பிட்டேன். சாப்பிடுறேன், கண்ணு இருக்குல்ல, தேடுங்க என்றாள். இதைக் கதவு சொல்லிக் கொடுத்ததா, இவளாகக் கற்றுக்கொண்டாளா என்று நான் யோசித்தேன். தலையில் புது முடி, கோரைப் புல் மாதிரி குச்சி குச்சியாக முளைத்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. மகள் ஊருக்குக் கிளம்பிப் போனாள். இதே மாதிரி போனால் தை மாதம் கதவை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

அந்தச் சமயத்தில்தான் இது நடந்தது. நடு மதியம். அவள் தட்டைப் போட்டுவிட்டாள். நான் பின்னால் குளிக்கப் போனேன். சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கியது. விழுந்த சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்கவில்லை, உள்ளுக்குள் ஏதோ முறிந்த சத்தம்தான் கேட்டது. வலது காலை அசைக்க முடியவில்லை. குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ஏ போதும்," என்றேன்.

"சாப்பிடுறேன்."

தினமும் சொல்கிற அதே குரல். வழக்கமான பயிற்சி என்று நினைத்துவிட்டாள். அவள்மேல் தப்பே இல்லை. நான் மறுபடி வாயைத் திறந்தேன். விழுந்துட்டேன்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தட்டு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் என்று பதறி எழுந்து விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்திருப்பாள். எனக்குத் தெரியும், அவள் அப்படி வரக்கூடியவள். அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

வாயை மூடிக்கொண்டேன்.

தரை சில்லென்றிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். சமையல்கட்டில் அவள் தட்டில் பிசைகிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் காது கொடுத்துக் கேட்டதில்லை. மெதுவாகத்தான் சாப்பிடுகிறாள். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் எவ்வளவு நேரம். கரண்டி சட்டியில் உரசியது. இன்னொரு தடவை சோறு வைக்கிறாள். பிறகு ரசத்தைக் கலக்கி ஊற்றினாள்.

மோர் இன்னும் பாக்கி இருந்தது.